படகு வண்டிக்கு ஏழு பட்டை

1997 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். வாசல் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் முப்பத்திரண்டு டிகிரி. வானத்தில் மேகம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் தொடங்காததால் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் என் தம்பி, வாடகை ஜீப் ஒன்றின் பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு, கணபதியில் எங்கள் வீதிக்குள் திரும்பினான்.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊர் இது. வீட்டு வாசலில் படகு வந்து நிற்பதைப் பார்க்க அக்கம்பக்கத்திலிருந்து பதினொரு பேர் வெளியே வந்துவிட்டார்கள். படகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பதினாலு அடி நீளம், ஃபைபர், மேலே நீலம், அடியில் வெள்ளை. பிறகுதான் அது உட்கார்ந்திருந்த டிரெய்லரைப் பார்த்தேன். இரண்டு சக்கர வண்டி. இடது பக்கம் சரிந்து கிடந்தது. அச்சுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கயிற்றால் சுற்றியிருந்தார்கள்.

"கொச்சியிலிருந்து இப்பிடியேவா இழுத்துட்டு வந்தே?" என்று கேட்டேன்.

"வாளையாறு வரைக்கும் நல்லாத்தானுங்கண்ணா வந்துச்சு. அதுக்கப்பறம் ஸ்பிரிங் பட்டை முறிஞ்சுபோச்சுங்க."

"கட்டையைக் கட்டுனது யாரு?"

"ஒரு லாரிக்காரருங்க. டீ வாங்கிக் குடுத்தேன்."

"எத்தனை டீ?"

என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "ஏனுங்க, வந்தவரை உள்ள கூப்புடாம கோர்ட்டுல நிக்க வச்ச மாதிரி கேக்கறீங்க" என்றாள். தம்பி சொம்பை வாங்கிக் குடித்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். உள்ளே வந்தும் உட்காரவில்லை. என் எதிரில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்தான் பேசுகிறவன், அவன் கேட்கிறவன்.

அவனுக்குச் சூலூரில் பன்னிரண்டு விசைத்தறிகள் இருந்தன. நூல் விலை ஏறி, கூலி இறங்கி, இரண்டு வருஷம் நின்றும் ஓடியும் கடைசியில் மொத்தமாக நின்றுவிட்டன. முதலில் ஏழு, பிறகு ஐந்து என்று இரண்டு தடவையாக விற்றான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அன்னூரைத் தாண்டி ஒரு குளத்தை ஒட்டி ஒருவர் தோட்டம் வைத்திருந்தார். ஊஞ்சல், சறுக்கு மரம், இளநீர்க் கடை எல்லாம் போட்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் ஜனங்கள் குழந்தைகளோடு வருவார்கள். படகு ஒன்று இருந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக் குளத்தைச் சுற்றிக் காட்டலாம், வருகிறதில் பாதிப் பாதி என்று பேசி வைத்திருந்தான்.

பிப்ரவரி மாதம் இதை என்னிடம் வந்து சொன்னான். "நீச்சல் தெரியாதவனுக்குப் படகு எதுக்கு?" என்று கேட்டேன். "செரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்லலாம். அவர்கள் வேண்டாம் என்ற பிறகு அதையே திரும்ப எடுப்பது மரியாதை இல்லை. ஆகவே அவன் எடுக்கவில்லை. படகை மட்டும் வாங்கிவிட்டான். படகும் டிரெய்லரும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம். தறி விற்ற பணத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"மே ஒண்ணாந் தேதி தண்ணியில இறக்கிப்போடோணுங்கண்ணா. அன்னிக்கு மில்லுக எல்லாம் லீவு, கூட்டம் வரும்னு தோட்டக்காரர் சொல்றாரு. இல்லாட்டிப் பெடல் போட் வச்சிருக்கற ஒருத்தரு காத்துட்டு இருக்காராம். அவருக்குக் குடுத்துப்போடுவாருங்க."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் இந்த வண்டியைச் சரிசெய்து, முப்பத்தெட்டு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் அவனுக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பு கைவசம் இல்லை. பிப்ரவரியில் நான் சொன்ன வார்த்தை எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. "டிரெய்லர் என் பொறுப்பு. செலவும் என்னுது" என்றேன். அவன் "செரிங்கண்ணா" என்றான்.

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு நூற்பு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். பி.எஸ்ஸி. படித்துவிட்டு நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தவன் என்று என் மாமனார் கடைசி வரைக்கும் குறைபட்டுக்கொண்டார். ஆனால் நான் இருந்த காலத்தில் சாமான் இல்லை என்று ஒரு ஷிப்ட் நின்றது கிடையாது. காரணம் ஒன்றுதான். அவர்கள் பத்து கேட்டால் நான் பன்னிரண்டுக்கு எழுதுவேன்.

எங்கள் வீதியிலிருந்து நூற்று நாற்பது தப்படியில் ஒரு பட்டறை. லாரி, வேன்களுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டித் தருகிற இடம். நடத்தியவர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் வந்துபோகிற ஒரு பாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது முழங்கையில் ஒரு நீளமான தீத்தழும்பு. கணபதியில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முறிந்த பட்டையைத் தூர எறியாமல், எது முறிந்தது, எது முறியப்போகிறது என்று பிரித்துச் சொல்கிறவர் அவர் ஒருவர்தான் என்று பெயர்.

புதன்கிழமை காலை பட்டறை வாசலில் எட்டு பேர் சேர்ந்து படகைத் தூக்கி, பழைய லாரி டயர் நான்கின் மேல் வைத்தார்கள். எட்டு பேர் தூக்கியும் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

பாய் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"உப்புத்தண்ணி தின்னுபோட்டுதுங்க. படகை இறக்கறப்ப எல்லாம் சக்கரத்தோட கடலுக்குள்ள உட்டிருக்காங்க. கழுவாம நிறுத்திருக்காங்க."

ஒரு பக்கத்துக்கு ஐந்து பட்டை. வில் மாதிரி வளைந்த எஃகுத் தகடுகள், நீளமானது மேலே, அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். வண்டி குலுங்கும்போது அந்த வில் அமுங்கி நிமிரும். பத்துப் பட்டையையும் பிரித்துத் தரையில் பரப்பினார். நான் எண்ணினேன். முறிந்தது மூன்று. விரிசல் விட்டது இரண்டு. வளைவு போய் நேராகப் படுத்துவிட்டது இரண்டு. நல்லது மூன்றுதான். பட்டையின் நுனியை வண்டியோடு சேர்க்கிற இடத்து புஷ் எட்டும் தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போயிருந்தன. பட்டையை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட் நான்கில் மரை இல்லை. சக்கர பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைபடுகிற சத்தம்.

"மூணை வச்சுக்கிட்டு மீதி ஏழு புதுசா அடிச்சுப்போடலாங்க" என்றார் பாய்.

"பத்தும் புதுசாப் போடுங்க. பக்கத்துக்கு அஞ்சு வேண்டாம், ஏழு போடுங்க. பட்டையும் இதைவிடத் தடிமனா இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டயர் மேல் கிடந்த படகைப் பார்த்தார். தம்பி பக்கத்தில்தான் நின்றான்.

"போட் என்னங்க எடை இருக்கும்?"

"இருநூத்தி முப்பது கிலோன்னு வித்தவரு சொன்னாருங்க" என்றான் தம்பி.

"இருநூத்தி முப்பது" என்று திருப்பிச் சொல்லிவிட்டு பாய் சிரித்தார். "ஏழு பட்டை போட்டு இதை ஏத்துனா, போட் குளத்துக்குப் போகாதுங்க. துள்ளித் துள்ளி மருதமலைக்குப் போயிரும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போனாப் போகட்டும், முறியாம இருந்தாச் செரி" என்றேன்.

தம்பி மெதுவாக, "அண்ணா, அவ்வளவு வேணுங்களா?" என்று கேட்டான்.

"வாளையாத்துல முறிஞ்சது உனக்குப் போதாதா? அன்னூர்ப் பாதையில முறிஞ்சா எந்த லாரிக்காரனுக்கு டீ வாங்கிக் குடுப்பே?"

பாய், "உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் ஏழு கோடு இழுத்தார்.

வேலை நடந்த நாட்களில் நான் தினமும் இரண்டு தடவை போனேன். காலையில் ஒன்பதரைக்கு, மாலையில் நாலரைக்கு. பட்டையை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, கல்லில் வைத்து வளைத்துத் தட்டி, அப்படியே எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். புகை எழும்பிக் கூரைத் தகரத்தில் முட்டும். வளைவு சரியா என்று பார்க்க, நுனிக்கு நுனி நூல் பிடித்து நடுவில் இடைவெளியை அளப்பார் பாய். நானும் என் கையிலிருந்த டேப்பால் அளப்பேன். நாலரை அங்குலம் என்று அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். "நீங்க பட்டறையே வச்சிருக்கலாங்க" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உலையை அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனவர் திரும்பி வர இரண்டே முக்கால் ஆனது. அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் நான் பூட்டிய பட்டறை வாசலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை மின்சாரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பேரிங் வாங்கப் போன கடை திறக்கவில்லை. இன்னும் நான்கு நாள், இன்னும் மூன்று நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. "தண்ணியில போறது அவரு, ரோட்டுலயே நீங்க முழுகீருவீங்க போல இருக்குது" என்றாள் என் மனைவி.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு பட்டைகள், கறுப்புப் பெயிண்ட் அடித்து, கிரீஸ் பிதுங்க, பார்க்கவே தெம்பாக இருந்தது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். பாயின் ஆட்கள் இருவரும் தம்பியும் டிரெய்லர் சட்டத்தின் மேல் ஏறி நின்றார்கள். குதிக்கச் சொன்னேன். குதித்தார்கள். நான் குனிந்து டேப் வைத்துப் பார்த்தேன். கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்குது" என்றேன்.

"ஆமாங்க. கல்லு மாதிரித்தான் இருக்குது" என்றார் பாய். கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று பட்டது. கூலி கூடுதலாகக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நான் அவசரமாக உள்ளே போய்ப் பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.

முப்பதாம் தேதி புதன்கிழமை, விடிந்ததும் புறப்பட்டோம். தம்பி ஜீப் ஓட்டினான். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து படகையே பார்த்துக்கொண்டு வந்தேன். சரவணம்பட்டி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தார் பெயர்ந்த இடங்கள் வந்தன. ஒவ்வொரு குழியிலும் டிரெய்லர் சக்கரம் தரையை விட்டு எழும்பி டொம்மென்று விழுந்தது. படகு அதன் மேல் கால் அடி தூக்கிப்போட்டு விழுந்தது. அடியில் படகு உட்காருகிற இரண்டு பலகை, அவற்றின் மேல் பழைய கயிற்றுப் பாய் சுற்றியிருந்தோம். ஒவ்வொரு தடவையும் படகின் முழு எடையும் அந்த இரண்டு பலகை மேல் அறைந்தது.

"நிறுத்து" என்றேன். "கயிறு தளர்ந்துபோச்சு."

இறங்கி நானே கயிற்றை இழுத்துக் கட்டினேன். தம்பி ஒரு பக்கம் பிடித்தான். படகு ஆடக் கூடாது என்பதுதான் என் கவலை. கோவில்பாளையத்தில் இன்னொரு தடவை நிறுத்தி இன்னும் இறுக்கினேன். கயிறு கையில் தோலை உரித்தது. இப்போது படகு தனியாகத் துள்ளவில்லை. டிரெய்லர் துள்ளும்போது அதோடு சேர்ந்து துள்ளி, அதோடு சேர்ந்து விழுந்தது. வேகத்தடைகள் மட்டும் இருபத்துமூன்று. பட்டை ஒன்றும் முறியவில்லை. குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு ஐம்பது. பதினாலு பட்டையையும் குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தியா" என்று தம்பியின் தோளைத் தட்டினேன். நான் அவன் தோளைத் தட்டி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

அன்று முழுவதும் படகைக் கழுவிப் பெயர் எழுதி, உட்காரும் பலகைக்கு ரெக்சின் போட்டு வைத்தோம். தண்ணீரில் இறக்குவது மறுநாள் காலை என்று தோட்டக்காரர் சொன்னார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, ஜனங்கள் பார்க்க இறக்க வேண்டுமாம்.

மே ஒன்றாம் தேதி வியாழக்கிழமை. எட்டரைக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. வாசலில் முப்பத்தொரு பேர் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டார்கள். தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். படகு ஓட்டுவதற்குப் பவானிப் பக்கத்துப் பரிசல்காரர் ஒருவரைக் கூலிக்குப் பேசியிருந்தான். அவர்தான் முதலில் ஏறினார். தம்பி இரண்டாவதாக ஏறினான். வெறும் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஆட்களை ஏற்றுவதாக ஏற்பாடு.

நாற்பது கெஜம் போயிருக்கும். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திக் குனிந்து பார்த்தார். கால் விரலைத் தூக்கிக்கொண்டார். பிறகு தம்பி குனிந்தான். படகு மெதுவாகத் திரும்பிக் கரைக்கு வந்தது. வந்து சேருவதற்குள் அவர்கள் கணுக்கால் வரை தண்ணீர்.

கரையில் இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தோம். பலகை உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்து, இடது பக்கம் பதினாலு அங்குலத்துக்கு நேராகப் பிளந்திருந்தது. வலது பக்கம் ஒன்பது அங்குலம். டேப் எடுத்தது நான்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எடுத்தேன்.

"ஏனுங்க, ஓட்டை விழுந்த படகையா கொண்டாந்து நிறுத்திருக்கறீங்க?" என்றார் தோட்டக்காரர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "கொழந்தைக ஏறியிருந்தா என்னுங்க ஆயிருக்கும்?"

"கொச்சியில தண்ணியில உட்டுப் பாத்துத்தானுங்க வாங்குனேன்" என்றான் தம்பி.

"அப்ப நல்லா இருந்துச்சா?"

"சொட்டுத் தண்ணி வல்லீங்க."

தோட்டக்காரர் டிரெய்லரைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சீட்டு வாங்கிய முப்பத்தொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் சீட்டைக் கொடுக்க மாட்டேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. அந்த வாரமே பெடல் படகுக்காரர் வந்துவிட்டார்.

படகோடு திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு தடவை, ரயில்வே கேட் மாதிரி ஏதாவது இருந்து அங்கே நின்றால் பேசிவிடலாம் என்று நான் நினைத்தேன். அந்தப் பாதையில் கேட் எதுவும் கிடையாது. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, "பரவாயில்லீங்கண்ணா, ஒட்டிப்போட்டு வேற குளம் பாத்துக்கலாங்க. வாரேனுங்க" என்றான்.

மூன்றாம் தேதி சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். பாயிடம் நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"வில்லு அமுங்குனாத்தானுங்க மேல இருக்கறது தப்பிக்கும். ஏழு தடிப் பட்டைங்கறது ரெண்டு டன்னு ஏத்தறதுக்குங்க. இருநூத்தி முப்பது கிலோவுக்கு அது வில்லே இல்லீங்க, கட்டை. வாளையாத்துல லாரிக்காரர் செருகுனாரே, அதே கட்டைதானுங்க. ரோடு குடுத்த அடி பூராவும் அந்தப் போட் வாங்கிருச்சுங்க."

"தெரிஞ்சா ஏன் எனக்குச் சொல்லலை?"

"சொன்னேனுங்களே. மருதமலைக்குப் போயிரும்னு."

"அது வேடிக்கைக்குச் சொன்னீங்க."

"உங்க வயசுக்கு வேற எப்பிடிங்க சொல்றது?" என்றார். "நீங்களும் சிரிச்சீங்க. மாத்தலை. ரெண்டாந் தடவை சொன்னா மரியாதை கெட்டுரும்னு உட்டுப்போட்டேனுங்க. பூட்டி முடிச்ச அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க காசு எண்ணப் போயிட்டீங்க."

அவர்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. தம்பியும் ஒரு தடவை கேட்டான், "அவ்வளவு வேணுங்களா" என்று. இருவர் ஆளுக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். நான்தான் இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை. மில்லில் ஒரு பேரிங் கணக்கில் குறைந்தால் ராத்திரி தூங்காதவன், இதைத் தவறவிட்டேன். முறிந்துவிடுமோ என்ற ஒரே பயத்தில் இருந்தவனுக்கு, முறியாததாலேயே ஒன்று கெட்டுப்போகும் என்று தோன்றவே இல்லை.

படகை ஒட்டுவதற்குப் பாலக்காட்டிலிருந்து ஆள் வந்தார். ஒட்டினார். தண்ணீர் நின்றது. ஆனால் அடியில் வெள்ளையின் மேல் இரண்டு மஞ்சள் பட்டையாக ஒட்டு தெரிந்தது. தம்பி மூன்று குளம் பார்த்தான், ஒரு அணைப் பக்கமும் போய்க் கேட்டான். விடுமுறை முடிந்துவிட்டது. ஜூன் கடைசியில், பவானிசாகர்ப் பக்கம் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர் படகையும் டிரெய்லரையும் சேர்த்து இருபத்து நாலாயிரத்து ஐநூறுக்கு எடுத்துக்கொண்டார். அவர் டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இதுல பக்கத்துக்கு மூணைக் கழட்டிப்போடுங்க" என்பது. யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாய் கழற்றிக் கொடுத்தார். கழற்றிய ஆறு பட்டையும் எங்கள் வீட்டுப் பின்சுவரில் சாத்திக் கிடந்தன. அவற்றை விற்கவும் எனக்கு மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் பதின்மூன்றாயிரத்து ஐநூறு வித்தியாசம். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சூலூருக்கு பஸ் ஏறினேன். தறி இருந்த கொட்டகை காலியாக இருந்தது. தறிகளை நிறுத்தியிருந்த சிமெண்ட் மேடைகள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. தம்பி மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கவரை அவன் முன்னால் வைத்தேன்.

தம்பி அதை எடுத்துப் பிரிக்காமல் என் பக்கம் நகர்த்தினான்.

"எதுக்குங்கண்ணா இதெல்லாம். நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"வச்சுக்கோ."

"வேண்டாங்கண்ணா."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பெரியவன் இரண்டு தடவை சொல்லலாம், நான்கு தடவையும் சொல்லலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை. கவரை எடுத்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆடி பிறந்ததும் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனான். காலை ஏழு இருபது பஸ்ஸுக்குப் போனால் திரும்ப ராத்திரி ஒன்பதாகும். அவனைவிடப் பாதி வயதுக்காரர்கள் அங்கே அவனுக்கு மேலே இருந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு வருவான், நின்றுகொண்டே பேசுவான், நன்றாகத்தான் பேசுவான். அதற்குப் பிறகு அவன் எதை விற்றாலும் எதை வாங்கினாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும்கூட, என்னிடம் ஒரு தடவையும் முன்னால் வந்து கேட்டதில்லை. முடிந்த பிறகு வந்து சொல்வான்.

பட்டை, புஷ், யூ போல்ட், பேரிங், பாயின் கூலி, போகவர ஜீப் வாடகை, பாலக்காட்டு ஆளுக்கு ஒட்டுக்கூலி, கடைசியில் ஆறு பட்டையைக் கழற்றிய நாற்பது ரூபாய் எல்லாம் சேர்த்து, அவன் வாங்க மறுத்த கவரைச் சேர்க்காமல், எனக்கு ஆன செலவு நாலாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு ரூபாய்.